13 வயது மகளுக்கு ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது: மாத்திரை தொடங்கலாமா, காத்திருக்கலாமா?

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது முடிந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு தை மாதம் பெரியவளானாள். அதற்குப் பிறகு மாதவிடாய் ஒழுங்காக வரவே இல்லை. ஒரு முறை 32 நாளில் வந்தது, அடுத்தது 50 நாள் கழித்து வந்தது, இப்போது 40 நாளுக்கு ஒரு முறை வருகிறது. வந்தால் ஐந்து நாளில் நின்றுவிடுகிறது, வலியும் பெரிதாக இல்லை. ஆனாலும் என் மாமியார், "வயசுப் பெண்ணை இப்படி விட்டுவைக்கலாமா" என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்ததால், நாங்களே நேராக ஒரு ஸ்கேன் மையத்துக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு சினைப்பைகளிலும் சிறு சிறு நீர்க்கட்டிகள் இருப்பதாக அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையைப் பார்த்த மருத்துவர் ஒருவர், மகளிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், ஆறு மாதத்துக்கு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

மாத்திரையை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் மகளோ அந்த அறிக்கையில் இருந்த ஆங்கிலச் சொற்களைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, தனக்கு இனிக் குழந்தையே பிறக்காது என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஏற்கெனவே ஒல்லியான பிள்ளை. எடையைக் குறைத்தால் கட்டி கரையும் என்று எங்கோ படித்துவிட்டு இரவில் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு மாத்திரையைவிட இதுதான் அதிகப் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேனிக்காரி

அக்கா, கவலைப்படாதீர்கள். என் மூத்த மகளுக்கும் இதே வயதில் இதே அறிக்கைதான் வந்தது. மாத்திரை கொடுத்தோம், வாந்தியாக எடுத்ததால் பாதியில் நிறுத்திவிட்டோம். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 30 நாள், 35 நாளுக்குள் தானாகவே வந்துவிடுகிறது. நான் உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் செய்து கொடுத்தேன். அதனால்தான் சரியானதா, வயது கூடக்கூடத் தானாகச் சரியானதா என்று என்னால் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

அம்மா, உங்கள் மகளின் கண்ணீர் என்னையும் வருத்துகிறது. நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுடன் வாழ்ந்தவன். எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு முன்பின்னாக வருவது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம். யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை. இன்றைக்கு எதற்கெடுத்தாலும் ஸ்கேன், எதற்கெடுத்தாலும் மாத்திரை என்று ஆகிவிட்டது. பிராய்லர் கோழியும் பாக்கெட் தின்பண்டமும் பிள்ளைகளின் உடலைக் கெடுத்திருப்பதும் உண்மை. என்னைக் கேட்டால், மருத்துவரிடம் போகாமல் வீட்டு உணவிலேயே சரிசெய்துகொள்வதுதான் நல்லது.

மகப்பேறு மருத்துவர் (அரசு மருத்துவமனை)

சகோதரி, முதலில் உங்கள் கேள்விக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த மாத்திரையை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்பதற்கான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது எனக்கும் முறையல்ல. எனவே ஸ்கேன் அறிக்கையை வீட்டில் வைத்துவிட்டு, இதுவரை மாதவிடாய் வந்த தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிள்ளையிடம் உட்கார்ந்து பேசக்கூடிய ஒரு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறிக்கையை ஏன் வீட்டில் வைக்கச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும்.

மாதவிடாய் தொடங்கிவிட்டது என்பதற்காக மூளையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஒத்திசைவு முழுமையடைந்துவிட்டது என்று பொருளாகாது. அது சீராவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை பல மாதங்களில் முட்டை வெளியேறுவதே இல்லை. அதனால்தான் நாள் தள்ளிப்போகிறது. பெரியவளான முதல் ஆண்டில் எவ்வளவு முன்பின்னாக வந்தாலும் அது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு பகுதிதான். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் 21 நாள் முதல் 45 நாள் வரையிலான இடைவெளியை நாங்கள் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மகளுடைய 40 நாள் இதற்குள் வந்துவிடுகிறது; எப்போதாவது ஒரு முறை வந்த 50 நாளும் தனியாக நின்று எதையும் நிரூபிப்பதில்லை.

அடுத்து ஸ்கேன். அதில் தெரியும் சிறு வட்டங்கள் முட்டை வளரும் பைகள். பருவ வயதில் அவை கூட்டமாகத் தெரிவது மிகவும் சாதாரணம். அதனால்தான் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கென்று 2018-இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல், மாதவிடாய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து இந்த நோயை உறுதிசெய்யக் கூடாது என்று சொன்னது. 2023-இல் அதைத் திருத்தி வெளியிட்டபோதும் இந்த நிலைப்பாட்டை மாற்றவில்லை. சினைப்பையில் எவ்வளவு முட்டை இருப்பு இருக்கிறது என்பதைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையையும் இந்த வயதினருக்கு இதற்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று சேர்த்தது. வளரிளம் பெண்ணுக்கு இந்த நோய் இருக்கிறது என்று சொல்ல இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும்: வயதுக்கேற்ற அளவையும் மீறிய ஒழுங்கற்ற மாதவிடாய் ஒன்று, ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பதற்கான அடையாளம் மற்றொன்று. மோவாயிலும் நெஞ்சிலும் அடிவயிற்றிலும் கறுத்துத் தடித்த முடி வளர்வது, எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத முகப்பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரியும் உயர்ந்த அளவு ஆகியவை அந்த அடையாளங்கள். ஒன்று மட்டும் இருந்தால், நோய் என்று முத்திரை குத்தாமல் சில ஆண்டுகள் கவனித்துவிட்டு மறுபடியும் பார்ப்போம்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே பேசித் தீர்த்துவிடுங்கள். ஒல்லியான பிள்ளை உணவைக் குறைத்தால், மூளை மாதவிடாய்க்கான கட்டளையையே நிறுத்திவிடும். அப்போது உண்மையாகவே மாதக்கணக்கில் வராமல் போகும், எலும்பும் பலவீனமடையும். குழந்தை பிறக்காது என்ற பயத்துக்கு அவளுடைய உடலில் எந்த ஆதாரமும் இல்லை என்பதை நீங்கள் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு மருத்துவர் வாயாலும் அவள் கேட்க வேண்டும்.

தலைமையாசிரியர் ஐயா, நீங்கள் சொன்னதில் முதல் பாதியை மனதார ஏற்கிறேன். ஆனால் மருத்துவரிடமே போக வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. 90 நாளுக்கு மேல் ஒரு முறை வராமல் இருந்தாலும் பார்க்க வேண்டும். 15 வயது நிறைந்தும் பெரியவளாகாவிட்டாலும், மார்பு வளரத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியும் வராவிட்டாலும், 13 வயது வரை மார்பு வளர்ச்சியே தொடங்காவிட்டாலும் பார்க்க வேண்டும். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், பத்து வயதுக்கு முன்பே மாதவிடாய் வந்தாலும் சடங்கு நாள் குறிப்பதற்கு முன் குழந்தை நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மிக முன்கூட்டியே வரும் பருவம், உயரம் வளரும் காலத்தைச் சுருக்கிவிடும், சில வேளைகளில் வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கும். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை: அந்தக் கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும்தான், ஹார்மோன் ஊசி அல்ல. பெண் பிள்ளைகள் சீக்கிரம் பருவமடைவதோடு உண்மையில் தொடர்புள்ளது சிறுவயதிலேயே கூடும் உடல் எடை.

தேனிக்காரி

டாக்டர் அம்மா, முகப்பரு, முடி என்று சொன்னதால் கேட்கிறேன். என் இளையவளுக்கு 12 வயது, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்துக் கிடக்கின்றன. அழுக்கு என்று நினைத்து, ஞாயிறுதோறும் பயத்தம்மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிகிறது என்று அழுகிறாளே தவிரக் கறுப்பு போகவில்லை. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதால் சடையைக் கழுத்தை மறைப்பதுபோல் போட்டுக்கொள்கிறாள்.

மகப்பேறு மருத்துவர் (அரசு மருத்துவமனை)

தயவுசெய்து தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதன் அளவு கூடும்போது, மடிப்புள்ள இடங்களில் தோல் தடித்து வெல்வெட் துணி போல் கறுக்கும். களிம்பு தடவி அதை நீக்க முயல்வதில் பயனில்லை. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்து, எடையையும் உயரத்தையும் குறித்து, உணவிலும் விளையாட்டிலும் மாற்றம் செய்தால் கறுப்பு படிப்படியாக மங்கும். காவிரிக்கரை சகோதரியின் மகளுக்கு அவசரமில்லை என்று சொன்ன நான், உங்கள் மகளை இந்த மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டச் சொல்கிறேன். முகத்துக்கும் கழுத்துக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் களிம்புகளைத் தொடவே வேண்டாம்; அவை தோலை மெலியவைத்து, பருவைக் கூட்டி, நிறுத்தியதும் முன்பைவிட மோசமாக்கிவிடும்.

கிராம சுகாதார செவிலியர்

நான் வீடு வீடாகப் போகிறவள் என்பதால் இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஒரு பெண்ணுக்கு 14 வயது. இன்னும் பெரியவளாகவில்லை என்று அவள் தாய்க்கு ஊரார் முன் கூச்சம். அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு மாதமும் மூன்று நான்கு நாள் அடிவயிற்றில் கடுமையான வலி வரும். குடல்புழு என்று ஒரு முறை, வாய்வு என்று ஒரு முறை, சிறுநீரகக் கல் என்று ஒரு முறை மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு நாள் சிறுநீரே போகாமல் துடித்தபோதுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். மாதவிடாய் அவளுக்கு எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது. பிறவியிலேயே மூடியிருந்த கன்னிச்சவ்வு வழியை அடைத்ததால் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கியிருந்தது. சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிட்டது. வலி மாதா மாதம் ஒரே கணக்கில் வருகிறது என்பதை யாராவது ஒருவர் நாட்காட்டியில் குறித்திருந்தால், அந்தப் பிள்ளை அவ்வளவு காலம் துடித்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பெண்ணுக்குப் பெரியவளானதிலிருந்தே உதிரப்போக்கு அதிகம். குச்சுக்குள் உட்கார வைத்திருந்த நாட்களிலேயே ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்திருக்கிறது. "உடம்புச் சூடு, நன்றாக வெளியேறட்டும்" என்று விட்டுவிட்டார்கள். நான் பார்த்தபோது உதடும் நகக்கண்ணும் வெளுத்துப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். ஹீமோகுளோபின் 6 கிராம்தான் இருந்தது. ரத்தம் ஏற்றிய பிறகு செய்த பரிசோதனையில், ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு இருப்பது தெரிந்தது. சிறுவயதில் அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்ததையும், பல் பிடுங்கியபோது நிற்காமல் வடிந்ததையும் பாட்டி அப்போதுதான் நினைவுகூர்ந்தார்.

2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. பள்ளியில் வாரத்துக்கு ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து எறிவதை நானே பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் குமட்டல் குறையும் என்று சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலோர் விழுங்கிவிடுகிறார்கள்.

மகப்பேறு மருத்துவர் (அரசு மருத்துவமனை)

செவிலியர் சகோதரிக்கு நன்றி. பெற்றோர் எல்லோரும் மனதில் வைக்க வேண்டியது: ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்து, அது சில மணி நேரம் தொடர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், பெரிய கட்டிகளாகப் போனாலும், தலைசுற்றினாலும் தள்ளிப்போட வேண்டாம். வலியைப் பொறுத்தவரை, முதல் ஓரிரு நாள் அடிவயிறு வலிப்பது இயல்பு. மாத்திரை போட்டும் அடங்காமல் மாதந்தோறும் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வைக்கிற வலியை, "பெண் என்றால் பொறுத்துத்தான் ஆக வேண்டும்" என்று சொல்லி மூடி வைக்காதீர்கள்.

பல தாய்மார்கள் தயங்குவதற்குக் காரணம் உள்பரிசோதனை செய்துவிடுவார்களோ என்ற பயம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வழக்கமாக அது தேவைப்படுவதே இல்லை. பேசியும், வயிற்றைத் தொட்டுப் பார்த்தும், தேவையானால் சிறுநீர் முட்டும்வரை தண்ணீர் குடிக்கச் சொல்லி வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுத்தும் பார்த்துவிடுவோம். உடன் தாயோ பெண் உதவியாளரோ இருப்பார்கள்.

உடற்கல்வி ஆசிரியர் (விருதுநகர் மாவட்டம்)

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் பெண் பிள்ளைகளைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். அவர்களுக்காவது வீட்டில் கேட்க ஒரு பாட்டி இருக்கிறார். ஆண் பிள்ளைகளின் உடலைப் பற்றி வீட்டிலும் கேட்பதில்லை, பள்ளியிலும் கேட்பதில்லை. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் "இளமையில் செய்த தவறா?" என்ற சுவரொட்டிதான் அவர்களிடம் பேசுகிறது. மாதம் ஒரு நாள் விடுதி அறையில் முகாம் போடும் வைத்தியரிடம், தூக்கத்தில் விந்து வெளியேறுவதை நோய் என்று நம்பி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டில் திருடிய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். இப்படி விளம்பரம் செய்வதே, ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது பருவ வயதில் வரும் இயல்பான மாற்றம் என்று சொல்ல ஒரு பெரியவர் அவனுக்கு இருந்திருந்தால் போதும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறொன்று. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலை இறைவணக்கத்தின்போது வயிற்று வலி என்று உட்கார்ந்துவிட்டான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். குனிந்து, தொடைகளை இறுக்கிக்கொண்டு, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது தொப்புளுக்குக் கீழே கையை வைத்தான். அவன் தந்தை வந்து அழைத்துப் போனார். ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் வயிற்று வலி மாத்திரையும் வாங்கியிருக்கிறார்கள். உண்மையில் வலி இருந்தது விரைப்பையில். அதைத் தாயிடம் சொல்ல வெட்கம், தந்தையிடம் சொல்லப் பயம். மறுநாள் மாலை வீங்கிச் சிவந்த பிறகுதான் சொன்னான். மதுரைக்குக் கொண்டு போனபோது ஒரு விரை முழுவதும் அழிந்திருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள்.

குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர்

ஆசிரியர் விவரித்திருப்பது விரை முறுக்கு. விரையைத் தொங்கவிடும் நாண் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைத்துவிடுகிறது. 12 முதல் 18 வயதுக்குள்தான் இது மிகுதியாக வருகிறது. அடிபட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை, தூக்கத்திலேயே வரலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் கடந்துவிட்டால் காப்பாற்ற முடிவது அரிது. சிகிச்சையின்போதே மறுபக்க விரையையும் தைத்து நிலைநிறுத்திவிடுவோம், ஏனென்றால் அதுவும் முறுக்கிக்கொள்ளும் இயல்புடையதாகவே இருக்கும்.

இந்த இழையில் பேசிய எல்லா விஷயங்களிலும் நிமிடம் பார்த்து ஓட வேண்டியது இதுதான். நான் பணியில் மிகவும் வருந்துவதும் இதைப் பற்றித்தான்: பெண் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போனால் மறுநாளே ஸ்கேன் எடுக்கிற அதே குடும்பம், மகனின் வாந்தியுடன் கூடிய அடிவயிற்று வலிக்கு ஒரு இரவு முழுவதும் காத்திருக்கிறது. வளரிளம் பையன் திடீரென அடிவயிற்று வலி என்று சொன்னால், "கீழே விரைப்பையில் வலிக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், நள்ளிரவாக இருந்தாலும் 108-ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். புறப்படும் முன் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பதற்கு அது தடையாகும். வலி வந்து தானாகவே நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும். முறுக்கு அவிழ்ந்திருக்கலாம், மறுபடியும் வரும்.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விரை, குறிப்பாக இடது விரை, சற்றுத் தாழ்ந்து தொங்குவது இயல்பு. இடது பக்கத்தில் நாளங்கள் சுருண்டு புடைத்தாற்போல் தென்பட்டால் ஒரு நாள் வந்து காட்டலாம், அவசரமில்லை. வலியே இல்லாத கெட்டியான கட்டி விரையில் தென்பட்டால் அந்த வாரத்திலேயே காட்ட வேண்டும்.

கோவை மாணவர்

எனக்கு இப்போது 19 வயது. எட்டாம் வகுப்பில் மார்புக் காம்புக்கு அடியில் நாணயம் போல் ஒரு கட்டி தென்பட்டது. புத்தகப்பை பட்டாலே வலிக்கும். பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறேனோ, இல்லை புற்றுநோயோ என்று இரண்டு பயங்களும் மாறி மாறி வந்தன. மே மாத வெயிலில்கூடச் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டேன். கபடி அணியிலிருந்து விலகினேன், காரணம் கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அது தானாகவே கரைந்துவிட்டது. அது பெரும்பாலான பையன்களுக்கு வரும் என்று கல்லூரியில் ஒரு சுகாதார முகாமில்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை எட்டாம் வகுப்பில் யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

குழந்தை அறுவை சிகிச்சை மருத்துவர்

தம்பி, நீங்கள் எழுதியது பல பையன்களுக்கு நிம்மதி தரும். பருவ மாற்றத்தின்போது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளின்படி அதற்கும் மேற்பட்டவர்களுக்கு, 13, 14 வயதில் இப்படி மார்புத் திசு சற்று வளர்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பருவ மாற்றம் எதுவும் தொடங்காத சிறுவனுக்கு வந்தாலோ, வேகமாகப் பெருத்தாலோ, கல் போல் கெட்டியாக இருந்தாலோ, காம்பிலிருந்து நீர் கசிந்தாலோ, இரண்டு ஆண்டு கடந்தும் போகாவிட்டாலோ காட்ட வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர என்று கொடுக்கும் ஊசியும் மாத்திரையும் இதை உண்டாக்கும். கேட்டால் பையன்கள் உண்மையைச் சொல்வதில்லை என்பதால் தனியாக உட்கார வைத்துக் கேட்கிறோம்.

பெண் பிள்ளைகளுக்கும் முதன்முதலில் ஒரு பக்க மார்பு மட்டும் கட்டி போல் தடித்து வலிப்பது வழக்கம். மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். அதைக் கட்டி என்று நினைத்து எடுக்கச் சொல்லி அழைத்து வருகிறார்கள். அந்த அரும்பை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பு வளரவே வளராது.

வகுப்பிலேயே குட்டையாக, குரல் உடையாமல் இருக்கும் பையன்களைப் பற்றியும் கேட்பார்கள். ஆண் பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் பெண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிந்தித்தான் உச்சத்துக்கு வரும். தந்தையும் பள்ளிக் காலத்தில் குட்டையாக இருந்து கல்லூரியில் வளர்ந்தவராக இருந்தால், மகனும் பெரும்பாலும் அதே வழியில் போவான். ஆனாலும் 14 வயது நிறைந்தும் விரை வளர்ச்சி முதலான எந்த மாற்றமும் தொடங்காவிட்டால் காட்டுங்கள். இடது கையின் எக்ஸ்ரே ஒன்றே, எலும்பின் வயதைக் காட்டி, காத்திருக்கலாமா வேண்டாமா என்பதில் பெரிய தெளிவைத் தந்துவிடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

மருத்துவர்கள் இருவருக்கும், அந்தச் செவிலியர் அம்மாவுக்கும் என் வணக்கம். வீட்டு உணவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் ஆசிரியர் எழுதிய அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் படித்த பிறகு, மருத்துவரிடம் போக வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வது தவறான வழிகாட்டல் என்பதை ஏற்கிறேன். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பேரனிடம் இதையெல்லாம் எந்த வாய்ப்பில் பேசுவது? நேருக்கு நேர் உட்கார்ந்தால் அவனும் தலைகுனிகிறான், எனக்கும் நா எழவில்லை.

உடற்கல்வி ஆசிரியர் (விருதுநகர் மாவட்டம்)

ஐயா, முகம் பார்க்காமல் பேசுங்கள். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது, அல்லது சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பேசலாம். "உனக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "உன் வயதில் பல பையன்களுக்கு நெஞ்சில் வலி மிகுந்த கட்டி வரும், தானாகப் போய்விடும்; ஆனால் கீழே திடீரென்று வலித்தால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு" என்று தகவலாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். நான் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு மைதானத்தில் மரத்தடியில் வைத்து இதைத்தான் சொல்கிறேன். சொன்ன அன்று யாரும் எதுவும் கேட்பதில்லை. இரண்டு நாள் கழித்து, பந்து எடுக்க வருவது போல் ஒருவன் தனியாக வருவான்.

காவிரிக்கரை (திருச்சி)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மகப்பேறு மருத்துவர் எழுதியதை மகளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். எட்டு ஆண்டு பற்றிய வரியை இரண்டாம் முறையும் படித்தாள். புதன்கிழமைக்கு வேறொரு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். ஒரே ஒரு ஐயம்: அரசு மருத்துவமனையில் காட்டுவதாக இருந்தால், இந்த வயதுப் பிள்ளைகளை எந்தப் பிரிவுக்கு அழைத்துச் செல்வது? குழந்தைகள் பிரிவில் கேட்டால் பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள்.

கிராம சுகாதார செவிலியர்

பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிந்துவிடுவதால் இந்த அலைச்சல் வருகிறது. 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ சுகாதாரத் திட்டத்தின் கீழ், 10 முதல் 19 வயதினருக்கென்று வளரிளம் பருவத்தினர் ஆலோசனை மையங்கள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. வரவேற்பில் அப்படியே பெயர் சொல்லிக் கேளுங்கள். அங்கே அது எந்தக் கிழமை நடக்கிறது என்று தெரியாவிட்டால் 104-க்கு அழைத்து விசாரியுங்கள். மகளுக்கு மகப்பேறு புறநோயாளர் பிரிவு, பையன்களுக்குப் பொது மருத்துவம் அல்லது அறுவை சிகிச்சைப் பிரிவு என்று போனாலும் தவறில்லை. போகும்போது மாதவிடாய்த் தேதிகள், அளந்து குறித்த உயரமும் எடையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினால், ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள்.